கடைசி வரியில் இருந்த துணிக்கம்பி

கேள்வி: ஐயா, நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் படிக்கிறேன். எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் உள்ள வரிசை வீட்டில், பத்துக் காம்பரா. தீபாவளிக்கு லயம் முழுக்க ஒரே மாதிரி லைட் சோடனை போடுவது மூன்று வருஷமாக வழக்கம். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய காசில் எங்கள் காம்பராவுக்கு மட்டும் புதிதாக வயரிங் செய்து, கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கிறோம். அதனால் எல்லா லைட்டுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் கரண்ட் போகிறது. போன வருஷம் கொஞ்சம் தூறினாலே ட்ரிப் விழுந்துவிட்டது. இந்த முறை அந்த நாலு நாளைக்கு மட்டும் ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்களுக்குத் தெரிந்த வயரிங் பாஸ் (மேஸ்திரி) சொல்கிறார். அப்பாவும் சரி என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அப்படிச் செய்யலாமா? எந்த மாதிரி லைட் வாங்குவது நல்லது? கரண்ட் பில் எவ்வளவு கூடும்? இன்னொன்று, போன தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா துணி காயப்போடும்போது கம்பியில் சுருக்கென்றது என்றார். செருப்புப் போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: மகள், மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்காவதைக் கேள்வி என்றே நினைக்காமல் கடைசி வரியில் போட்டுவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். லைட்டும் பில்லும் பிறகு வரட்டும்.

உங்கள் லயத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் துணிக்கம்பி எங்கே கட்டியிருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஒரு முனை வாசலுக்கு எதிரே நட்ட ஒரு மரக் கம்பத்தில். மறுமுனை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மேலே கூரை வளையில் அடித்த ஆணியில். அந்த ஆணியோ கம்பியின் வாலோ தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பத்துக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை, தகடு மேல் தகடாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். அப்படியென்றால் துணிக்கம்பியில் சுருக்கென்றதற்கு, கூரை முழுவதிலுமே கரண்ட் இருந்தது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அம்மா தொட்டது கம்பியை மட்டுமல்ல, பத்து வீட்டுக் கூரையையும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். கூரையில் கரண்ட் இருந்தால் அப்போதே ட்ரிப் விழுந்திருக்க வேண்டாமா? விழாது. தகரம் மர வளைகள் மேல் படுத்திருக்கிறது. காய்ந்த மரத்தில் கரண்ட் போகாது. வயரின் தோல் எங்கோ கிழிந்து செம்பு தகரத்தில் பட்டாலும், தகரத்திலிருந்து மண்ணுக்கு இறங்க வழி இல்லாவிட்டால் கரண்ட் அங்கேயே நிற்கும். மரத்தில் காத்திருக்கும் அட்டை மாதிரி. நாம் தொடும்போது நம் உடம்புதான் அதற்கு வழி. அம்மாவின் காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் வழி அரைகுறையாக இருந்தது, சுருக்கென்றதோடு போயிற்று. வெறுங்காலோடு ஈர வாசலில் நின்றிருந்தால் கதை வேறு.

இனி தூறல் கதைக்கு வருவோம். தூறியதும் என்ன ஆகிறது? தகரத்திலிருந்து தண்ணீர் வடிந்து சுவரை நனைக்கிறது, பீலிக் குழாய் வழியாக மண்ணைத் தொடுகிறது. கரண்டுக்கு இப்போது வழி கிடைத்துவிட்டது, ட்ரிப் விழுகிறது. நீங்கள் எழுதிய இரண்டு சங்கதியும், அதாவது காயும்போது கம்பி சுருக்கென்பதும் நனையும்போது ட்ரிப் விழுவதும், ஒரே கோளாறின் இரண்டு முகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மழை உங்கள் ட்ரிப் சுவிட்சைத் தொந்தரவு செய்யவில்லை. வெயிலில் ஒளிந்திருந்ததை மழை காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்று அப்பாவுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. கொழுந்து நிறுப்பதை நினைக்கச் சொல்லுங்கள். மலையில் நிறுத்தபோது இத்தனை கிலோ, ஸ்டோரில் நிறுத்தபோது இத்தனை கிலோ. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எங்கோ சிந்தியிருக்கிறது. ட்ரிப் சுவிட்சும் இரண்டு தரம் நிறுக்கிறது. ஒரு வயரில் வெளியே போன கரண்டும் மற்ற வயரில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்க்கிறது. வீடுகளுக்குப் போடும் ட்ரிப் சுவிட்சில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றுக்கு மூன்று பங்கு. அந்த அளவு குறைந்தால் வெட்டிவிடும். தோட்டத்தில் குறைகிற கிலோவைக் கழிவு என்று எழுதி மூடிவிடலாம். ட்ரிப் சுவிட்சுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

30 என்ற எண்ணை யாரோ சும்மா வைக்கவில்லை. அதற்கு மேல் கரண்ட் உடம்பில் ஓடிக்கொண்டே இருந்தால் இதயம் தன் தாளத்தை விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். நனைந்த கை, ஈரக்கால் என்றால் உடம்பின் தடை சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர். நல்ல ட்ரிப் சுவிட்ச் ஒன்று அந்த அளவில் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், 0.04 நொடியில், வெட்டிவிடும். பியூஸோ, எம்சிபி என்று சொல்கிற சின்ன பிரேக்கரோ இதைக் கவனிக்கவே கவனிக்காது. 6 ஆம்பியர் பிரேக்கருக்கு ஒரு மனிதன் உடம்பில் ஓடுகிற கரண்ட் நாற்பதில் ஒரு பங்கு. அது வயர் எரியாமல் பார்க்க வைத்த காவல்காரன். ஆளைப் பார்ப்பது அதன் வேலை இல்லை. ட்ரிப் சுவிட்சை எடுத்துவிட்டால் ஆளைப் பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை.

எர்த் இருக்கிறதே என்று பாஸ் சொல்லலாம். இருக்கட்டும். நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு கம்பியைத்தான் மண்ணில் புதைக்கிறோம். மலைநாட்டு மண்ணில் இரண்டடி தோண்டினால் கல். எர்த் கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்தால்கூட, கோளாறு வந்து 230 வோல்ட்டும் அதில் இறங்கும்போது ஓடுவது ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது, கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். எர்த்தும் ட்ரிப்பும் புருஷன் பெண்சாதி மாதிரி, சேர்ந்திருந்தால்தான் குடும்பம் நடக்கும்.

சரி, செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யக்கூடாது. நாலு நாளைக்குமில்லை, நாலு மணித்தியாலத்துக்குமில்லை.

உங்கள் வயரிங் பாஸைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அவர் சொன்னதை நான் செய்தே இருக்கிறேன். எனக்கு இருபத்து நாலு வயது, தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. இரும்புக் குழாயில் தோரணம் கட்டி, அதைச் சுற்றி நானூறு கலர் பல்ப். சாமி வெளியே வரும் நேரம் பார்த்துத் தூறல், ட்ரிப் விழுகிறது, கூட்டம் கத்துகிறது, கோயில் கமிட்டித் தலைவர் என்னைப் பார்க்கிறார். அந்த வயதில் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்து ட்ரிப்பைத் தாண்டிக் கட்டினேன். லைட் எல்லாம் எரிந்தது, கை தட்டினார்கள். முனியாண்டிக்கு நேர்ந்த ஆட்டை யாரோ தோரணத்துக் காலில் கட்டியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் அது துடிக்காமல் விழுந்து கிடந்தது. பூசைக்கு வாங்கிய ஆடு பூசைக்கு முன்னாலேயே போய்விட்டது. நாலுகால் பிராணிக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், ஈர மண்ணில் கரண்ட் பரவும்போது நம்மைவிட அதற்குச் சீக்கிரம் ஏறும். சாமி தன் ஆட்டைத் தானே எடுத்துக்கொண்டது என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. ஆட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் அதே குழாயைப் பிடித்துச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

அதனால் முதல் வேலை சோடனை இல்லை, கூரை. லைட் வாங்க டவுனுக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். வோல்ட் மீட்டர் வைத்திருக்கும் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். டெஸ்டர் ஸ்குரூடிரைவரைத் தகரத்தில் வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். அது சும்மாவும் எரியும், எரிய வேண்டிய நேரத்தில் எரியாமலும் இருக்கும். வருகிறவர் மண்ணில் ஒரு கம்பியைக் குத்தி, தகரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று பார்ப்பார்.

இங்கேதான் லயத்துக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. தனி வீடென்றால் மெயினை அணைத்தால் கதை முடிந்தது. லயத்தில் உங்கள் மெயினை அணைத்தாலும் தகரத்தில் கரண்ட் இருக்கலாம். பத்துக் காம்பராவுக்கும் தனித்தனி மீட்டர், கூரை மட்டும் பொது. ஏழாம் காம்பராக்காரர் வீட்டு ஓட்டை வயர் உங்கள் துணிக்கம்பியில் வந்து சுருக்கென்னும். உங்கள் ட்ரிப் உங்கள் கணக்கை மட்டுந்தான் நிறுக்கும், அடுத்த வீட்டுக் கணக்கு அதற்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு மெயினாக அணைத்து, எதை அணைத்தபோது தகரம் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பத்தும் அணைந்த பிறகும் மீட்டர் வோல்ட் காட்டினால், போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் வயரே எங்கோ தகரத்தில் உரசுகிறது. மலைக்காற்றில் அந்த வயர் ஆடி ஆடித் தகர விளிம்பில் தோல் உரிவது நான் அடிக்கடி பார்ப்பது. அது மீட்டருக்கு முந்திய வயர், உங்கள் வீட்டுச் சுவிட்ச் எதற்கும் அடங்காது. யாரும் கை வைக்க வேண்டாம், மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். கூரையில் கரண்ட் இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், ‘கரண்ட் இல்லை’ என்கிற சாதாரண முறைப்பாடுகளோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது.

அதுவரைக்கும் துணிக்கம்பியில் துணி போடாதீர்கள். கம்பியைக் கழற்றப் போவதாக இருந்தாலும் மீட்டர் பார்த்த பிறகுதான். அப்புறம் அந்த இடத்தில் நைலோன் கயிறு கட்டுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. லயத்தில் இரும்புக் கம்பியில் துணி காயப்போடுவது என்பது கூரையைக் கையெட்டும் உயரத்துக்கு இறக்கி வைப்பது மாதிரி.

இதெல்லாம் ஏன் நம் லயங்களில் இவ்வளவு நடக்கிறது என்று நான் சிலநேரம் யோசிப்பதுண்டு. உங்கள் தோட்டத்தில் பெய்கிற மழை கெசெல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து விமலசுரேந்திர மின்நிலையம், பிறகு பழைய லக்ஷபான. அந்த லக்ஷபான 1950ஆம் ஆண்டிலேயே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதை 1918ஆம் ஆண்டிலேயே கணக்கோடு எழுதி வைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நம் தண்ணீரில் எடுத்த கரண்ட் நம் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போனது, நாங்கள் கீழே குப்பி விளக்கில் படித்தோம். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன். பிந்தி வந்ததால் அவசரமாக வந்தது. ஒரு பல்ப், ஒரு ப்ளக் பொயின்ட், அவ்வளவுக்குப் போட்ட வயரில் பிறகு டிவி, கேத்தல், அயன் எல்லாம் ஏறிக்கொண்டன. சோடனை லைட்டும் அதே வயரில்தான் தொங்குகிறது.

சரி, கூரை சுத்தம் என்று தெரிந்துவிட்டது. இனிச் சோடனைக்கு வரலாம்.

எந்த லைட்? கடையில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, ப்ளக்கிலிருந்து நேராகப் பல்புக்கு 230 வோல்ட் போகிற சீரியல் லைட். இன்னொன்று, ப்ளக்கோடு சின்னப் பெட்டி மாதிரி அடாப்டர் வைத்து, அதற்குப் பிறகு 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ மட்டும் போகிறது. இரண்டாவதை வாங்குங்கள். அடாப்டர் வீட்டுக்குள்ளே, காய்ந்த இடத்தில் இருக்க, வெளியே நனைகிற வயரில் போவது 24 வோல்ட்டுக்குள் என்றால் தகரத்தில் பட்டாலும் ஆளைக் கொல்லாது. கொஞ்சம் விலை கூட. வேறெதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

முதல் ஜாதியைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது, மிளகு மாதிரி இத்துனூண்டு பல்புக்கு எவ்வளவு கரண்ட் வரப்போகிறது என்று. ஒவ்வொரு பல்பும் இரண்டு மூன்று வோல்ட்தான் எடுக்கும், உண்மை. ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாலையில் கோத்திருக்கின்றன. மாலை எங்காவது அறுந்தால், ப்ளக் பக்கத்து முனையில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். லைட் எரியவில்லை, கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் ஆட்கள் அந்த முனையைப் பிடிக்கிறார்கள். மாலையின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைப்பதும் சரியில்லை. இரண்டு முள் ப்ளக் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறும், சுவிட்ச் வெட்டுவது எந்த வயரை என்று உறுதி இல்லை. ப்ளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

இரண்டு முள் ப்ளக்கை 13 ஆம்பியர் சதுர முள் பொயின்டில் ஏற்ற, மேல் துளையில் பேனா மூடியைக் குத்துகிற வித்தை எல்லா லயத்திலும் தெரியும். அந்தத் துளை எர்த்துக்கு உரியது. அதைத் திறந்தால்தான் மற்ற இரண்டு துளையின் மூடி விலகும், பிள்ளைகள் எதையும் குத்தாமல் இருக்க வைத்த பூட்டு அது. மூடிக்குப் பதில் கம்பியைக் குத்திய ஆளையும் பார்த்திருக்கிறேன். நல்ல அடாப்டர் ப்ளக் ஒன்று வாங்கினால் இந்த வித்தை தேவைப்படாது.

வாங்கும்போது பெட்டியில் ஐபி என்று எழுதி இரண்டு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 20 என்றால் தண்ணீருக்குப் பூச்சியம், வீட்டுக்குள் மட்டும். ஐபி 44 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐபி 65 தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். உங்கள் பக்கத்து மழைக்கு 44க்குக் குறையக் கூடாது. ஒன்றுமே எழுதாத பெட்டி என்றால் இஸ்தோப்புக்கு வெளியே கொண்டு போகாதீர்கள்.

பில் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். எல்இடி மாலை ஒன்று 8 வாட் என்று வைத்தால் பத்துக் காம்பராவுக்கும் 80 வாட். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், நாலு நாள். மொத்தம் 1.92 யூனிட், இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. பழைய 15 வாட் கலர் பல்ப் நூறு தொங்கவிட்டால் 1,500 வாட், அதே நாலு நாளைக்கு 36 யூனிட். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறுகிற பில்லில் அது நன்றாகவே தெரியும். பழைய லயத்து 5 ஆம்பியர் பியூஸுக்கும் அது அளவு மீறிய சுமை, ஆறரை ஆம்பியர் போகும். பியூஸ் போனதும் யாராவது தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிப் போடுவார்கள். அங்கேயிருந்து தீ ஆரம்பிக்கும்.

பத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டிலிருந்தே கொடுப்பது தான தர்மம்போலத் தெரியும், ஆனால் அதுவும் ட்ரிப் விழ ஒரு காரணம். நேர் 230 வோல்ட் மலிவு மாலை ஒவ்வொன்றும் பனியில் நனைந்தால் இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் கசியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளைகள். பத்தும் ஒரே ட்ரிப்பில் சேரும்போது 30ஐ எட்டிவிடும். 30 என்று எழுதிய சுவிட்ச் 15ஐத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு. அடாப்டர் வைத்த மாலைகளில் இந்தக் கசிவுச் சிக்கல் அனேகமாக இருக்காது. தனியாகவே ட்ரிப்பை விழுத்துகிற குற்றவாளி மாலை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ட்ரிப்பைத் தூக்கி, ஒவ்வொன்றாகத் தனியே மாட்டிப் பார்ப்பது. எதை மாட்டும்போது விழுகிறதோ அதைத் தைத்துக் கட்டி ஒட்ட வேண்டாம், குப்பைக்குப் போகட்டும்.

மற்ற ஒன்பது காம்பராவிலும் ட்ரிப் சுவிட்ச் இல்லை என்றால் அவர்களை அவரவர் வீட்டிலிருந்து எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது இதைவிட மோசம். அடாப்டர் மாலையை உங்கள் ட்ரிப் வழியாகவே கொடுங்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு வீடாவது ட்ரிப் போட்டுக்கொள்ள லயமே சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். போட்ட ட்ரிப்பையும் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். ‘டீ’ என்று ஆங்கில எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் பொம்மை.

கட்டுகிற விதத்தில் கவனம் தகர விளிம்பில்தான். அது அரிவாள். காற்றில் மாலை ஆட ஆட வயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும், ஒரு இரவு போதும். தகரத்தில் தொங்கவிடாமல், கூரைக்குக் கீழே இஸ்தோப்பு ஓரமாக ஒரு பிவிசி குழாயையோ மரச் சட்டத்தையோ நீளமாகக் கட்டி அதில் பிளாஸ்டிக் டை போட்டுத் தொங்கவிடுங்கள். கட்டுக்கம்பியால் முறுக்க வேண்டாம். இரண்டு வயருக்கும் நடுவே ஆணி அடிப்பதை நினைக்கவே வேண்டாம்.

மூட்டுக்களை வெளியே வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தே ஆக வேண்டும் என்றால், வயர் மூட்டுக்கு வரும் முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேறி வரட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மூட்டுக்கு ஏறாது. மூட்டில் சிலிப் பேக் என்கிற பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது நம்மவர்களின் பழக்கம். மழையில் அது நல்லதுபோல இருக்கும். ஆனால் மலைநாட்டுப் பனிக்கு உள்ளேயே வியர்த்துத் தண்ணீர் நிற்கும், மூட்டு அந்தத் தண்ணீரில் ஊறும். மூடாமல் கூரை இறவாணத்துக்கு உள்ளே தொங்கினால் அதைவிடப் பத்திரம்.

நட்சத்திரக் கூடு கட்ட உயரமான மூங்கில் நடுகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். தேயிலை மலைக்கு மேலே போகிற கம்பிகளில் பல 33,000 வோல்ட் கம்பிகள். அவற்றைத் தொட வேண்டியதில்லை, கிட்டே போனாலே பாயும். பச்சை மூங்கில் மரமாயிற்றே, கரண்ட் ஏறாது என்பது பொய். பச்சை மூங்கிலுக்குள் தண்ணீர்தான். சரிந்தால் கம்பியில் விழுமா என்று பார்த்து, விழும் என்றால் வேறு இடம் தேடுங்கள். போஸ்டிலிருந்து கொக்கி போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ட்ரிப், பியூஸ் எதுவும் நடுவில் இல்லாத கரண்ட் அது. அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

தீபாவளி வருகிற ஐப்பசி மாதம் நம் பக்கம் பின்னேரம் இடி மின்னல் காலம். இடி கேட்டதும் அடாப்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள், மழை நின்ற பிறகு மாட்டலாம். படுக்கும்போதும் கழற்றுங்கள்.

இதை எழுதாமல் விட மனமில்லை. யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கப் போகாதீர்கள், இரண்டு பேராகிவிடும். முதலில் மெயின். மெயின் எது என்று உங்கள் தம்பி தங்கைக்குக் காட்டி வைத்திருக்க வேண்டும். மெயின் கிட்டே இல்லை என்றால் காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். தலைக்கு மேலே போகிற பெரிய கம்பி அறுந்து விழுந்தால் தடியும் ஆகாது, எட்ட நின்று 1987க்கு அழைக்க வேண்டியதுதான். பிறகு 1990, இலவச அம்புலன்ஸ். மூச்சும் அசைவும் இல்லை என்றால் அது வரும்வரை நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தரம் வேகமாக, ஆழமாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கரண்ட் அடித்த இதயம் சிலநேரம் பிந்தித்தான் குழம்பும்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் அது இருக்கிறது. ட்ரிப் பற்றி வாதாட வேண்டாம். அம்மாவின் துணிக்கம்பியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு அவர் மறுபேச்சுப் பேச மாட்டார் என்று நினைக்கிறேன். பாஸையும் கூட்டிப்போய், மீட்டர் வைத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள், கூரையில் 200 வோல்ட் காட்டினால் ட்ரிப்பை எடுக்கலாம் என்று எந்தப் பாஸும் இரண்டாம் தரம் சொல்ல மாட்டார்.

பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் மகள், எத்தனையாம் காம்பரா மெயினை அணைத்தபோது தகரம் அடங்கியது என்று.